குதிரும் குளமும்

நுழையும்முன்

ஓர் ஆண்டு நன்றாக விளையும். மறு ஆண்டு பொய்த்துப்போகும். இவ்விரண்டுக்கும் இடையில் வாழக் கற்றுக்கொண்ட மக்களே தமிழக உழவர்கள். பெருகும்போது தேக்கிவைப்பதும், விளையும்போது எடுத்துவைப்பதும், உண்ணும்போது விதைக்கென ஒரு பங்கை ஒதுக்கிவைப்பதும் அவர்கள் வகுத்துக்கொண்ட வாழ்க்கை நெறிகள். வறட்சியும் புயலும் வெள்ளமும் மாறிமாறி வரும் இக்காலத்தில், அந்நெறிகளுள் எவை நமக்குத் துணையாகும், எவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

மழையும் வாழ்வும்

தமிழகத்தின் பேராறுகள் பலவும் பருவத்தில் பெருகிக் கோடையில் வற்றுபவை. ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே தருகிறது. அம்மூன்று மாதங்களிலும் மழை நாள்தோறும் பெய்வதில்லை. சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பல நாள்கள் வெயில் காயும். வங்கக் கடலில் தாழ்வுநிலை உருவாகாத ஆண்டில் வானம் வெறுமையாகவே கழிந்துவிடுவதும் உண்டு. 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலோ அதே பருவத்தில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தன.

ஆகவே, இந்நிலத்தில் வாழ்பவருக்குத் தட்டுப்பாடு என்பது எதிர்பாராத விருந்தாளி அன்று. எந்த ஆண்டு வரும் என்பது மட்டுமே தெரியாத பழகிய விருந்தாளி. வரும் என்று தெரிந்த ஒன்றுக்கு ஆயத்தமாக இருப்பதே அறிவுடைமை. நம் ஊர்களின் அமைப்பை உற்றுநோக்கினால் அந்த ஆயத்தம் மூன்று நிலைகளில் அமைந்திருந்ததைக் காணலாம். முதலாவது, நீரைக் காத்தல். இரண்டாவது, விளைந்ததைக் காத்தல். மூன்றாவது, வித்தைக் காத்தல்.

நீரைக் காத்தல்

பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய குடபுலவியனார், உணவு என்பது நிலமும் நீரும் கூடுவதால் விளைவது என்று விளக்கி, பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கிவைத்தவரே உலகில் தம் பெயரை நிலைநிறுத்தியவர் ஆவர் என்று அறிவுறுத்துகிறார். புறநானூற்றில் இடம்பெற்றுள்ள இவ்வறிவுரை, போரில் வென்ற ஓர் அரசனுக்குக் கூறப்பட்டது என்பது கருதத்தக்கது.

தமிழகத்தில் இன்று ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. வடமாவட்டங்களில் ஏரி என்றும், தென்மாவட்டங்களில் கண்மாய் என்றும், குளம் என்றும் இவை வழங்கப்பெறுகின்றன. மேட்டுநிலத்தில் பெய்யும் மழை வரத்துக்கால் வழியாக ஏரியை அடைகிறது. பிறைவடிவில் அமைந்த மண்கரை அதனைத் தடுத்து நிறுத்துகிறது. கரையின் அடியில் அமைந்த மதகு, வேண்டும் அளவு நீரை வயலுக்குத் திறந்துவிடுகிறது. ஏரி நிரம்பியபின் வரும் மிகைநீர் கலிங்கு வழியாக வழிந்து, மறுகாலில் ஓடி, அடுத்த ஊரின் ஏரியைச் சேர்கிறது. இவ்வாறு பல ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடரும். மேலூரின் கலிங்கைச் சட்டத்திற்கு மாறாக உயர்த்தினால் கீழூர் காயும். மேலூரின் கரை உடைந்தால் கீழூர் மூழ்கும். ஓர் ஊரின் நலம் மற்றோர் ஊரின் ஒழுங்கைச் சார்ந்திருந்தது.

இவ்வமைப்பைக் கட்டுவதைவிடப் பேணுவதே கடினமான செயல். ஆண்டுதோறும் மழைநீருடன் வண்டல் வந்து படியும். அதனை அகற்றாவிட்டால் ஏரி மேடிட்டுப்போகும். கோடையில் ஏரி வற்றியதும் உழவர்கள் அவ்வண்டலை வெட்டி வண்டிகளில் ஏற்றித் தம் வயல்களுக்கு எருவாகக் கொண்டு சென்றனர். ஏரி ஆழமாயிற்று, வயல் வளமாயிற்று. மதகைத் திறக்கவும் மூடவும், கடைமடைவரை நீர் சேர்வதைக் கண்காணிக்கவும் நீர்க்கட்டி, மடைக்குடும்பன் எனப் பல பெயர்களால் அழைக்கப்பட்ட ஊர்ப் பணியாளர்கள் இருந்தனர். நீர் குறைந்த ஆண்டில் முறைவைத்துப் பாய்ச்சினர். மக்கள் தம் உழைப்பை ஈந்து கரையையும் காலையும் செப்பனிடும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது.

குடிநீருக்கெனத் தனியே ஊருணிகள் இருந்தன. வறண்ட இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் ஊருணியே ஊரின் உயிர். அதில் குளிப்பதும் துணி துவைப்பதும் கால்நடைகளை இறக்குவதும் விலக்கப்பட்டிருந்தன. பாசனத்திற்கு ஒன்று, பருகுவதற்கு ஒன்று என நீரைப் பிரித்துவைத்த இவ்வேற்பாடு, தட்டுப்பாட்டுக் காலத்தில் எதனை முதலில் காக்க வேண்டும் என்பதில் முன்னோர்க்கு இருந்த தெளிவைக் காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விளக்குகின்றன. அம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியைப் பேணுவது ஊராட்சியின் தலையாய கடமைகளுள் ஒன்றாக அன்றே கருதப்பட்டதை இது புலப்படுத்துகிறது.

விளைந்ததைக் காத்தல்

அறுவடை நாளில் களத்தில் குவிந்த நெல் முழுவதும் ஓராண்டு உணவாக மாற வேண்டுமாயின், அது ஈரத்திற்கும் பூச்சிக்கும் எலிக்கும் தப்ப வேண்டும். சேமிக்கும் நெல்லின் ஈரப்பதம் 13 விழுக்காட்டிற்கு மேற்படாதிருத்தல் நலம் என இன்றைய வேளாண் அறிவியல் கூறுகிறது. அளவைக் கருவி இல்லாத காலத்தில் உழவர் பல்லால் கடித்துப் பார்த்தே அதனை அறிந்தனர். நன்கு காய்ந்த மணி படீரென உடையும். காயாத மணி நசுங்கும்.

காய்ந்த தானியம் குதிரை அடைந்தது. களிமண்ணுடன் வைக்கோலைக் கலந்து பிசைந்து, வளையம் வளையமாகச் செய்து உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பப்படுவது குதிர். மேல்வாய் வழியாகத் தானியத்தைக் கொட்டி, மூடியிட்டு, இடைவெளியைச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகிவிடுவர். காற்று புகாத நிலையில் பூச்சிகள் பெருகுவதில்லை. எடுப்பதற்கு அடிப்பகுதியில் ஒரு சிறு துளை இருக்கும். மேலே புதியதைக் கொட்டி, கீழே பழையதை எடுப்பதால், முன்னர் வந்த தானியமே முன்னர்ச் செலவாகும். பெருங்கிடங்குகளில் இன்று பின்பற்றப்படும் ஒழுங்கு, ஒரு மண்குதிரின் வடிவத்திலேயே அடங்கியிருந்தது.

மரத்தால் செய்யப்பட்டது பத்தாயம். தென்மாவட்டங்களில் குலுக்கை என்றும் பிற இடங்களில் தொம்பை, சேர் என்றும் சேமக்கலன்கள் பல இருந்தன. வறண்ட மேட்டுநிலப் பகுதிகளில் தரையில் குழி வெட்டிக் கேழ்வரகைச் சேமித்தனர். கேழ்வரகு எளிதில் பூச்சி பிடிக்காது. முறையாகக் காத்தால் பல ஆண்டுகள் கெடாதிருக்கும். கோவில்களும் பெருங்களஞ்சியங்களைக் கொண்டிருந்தன. திருவரங்கம் கோவிலிலும், பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையிலும் உள்ள செங்கற் களஞ்சியங்கள் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றன.

களஞ்சியம் நெல்லோடு நிற்கவில்லை. பருவத்தில் மலிந்து கிடக்கும் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் கொத்தவரையும் மாங்காயும் வற்றலாயின. மிளகாய் மோரில் ஊறி வெயிலில் காய்ந்தது. கடலோரத்தில் மீன் கருவாடாயிற்று. புளி கொட்டை நீக்கி, உப்பிட்டுப் பானையில் அடைக்கப்பட்டது. பதநீர் கருப்பட்டியாகவும், பனங்கொட்டை கிழங்காகவும் மாறிப் பஞ்சம் தாங்கின. யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கை உலர்த்தி ஒடியலாக்கி, அதன் மாவில் கூழ் காய்ச்சும் வழக்கம் இன்றும் உள்ளது. மாட்டுக்கு வைக்கோற்போர், அடுப்புக்கு விறகும் எருவாட்டியும் என மழைக்காலத்திற்கு முன்பே ஒவ்வொரு வீடும் தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டது. இப்பணிகளில் பெரும்பாலானவை பெண்களின் அறிவாலும் உழைப்பாலும் நடந்தவை. எப்பொருளை எத்தனை நாள் காயவைப்பது, எதில் எவ்வளவு உப்பிடுவது என்னும் நுட்பங்கள் ஏட்டில் எழுதப்படாமல் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன.

வித்தைக் காத்தல்

போர்க்களத்தில் மாண்ட அதியமான் எழினிக்காக வருந்திய அரிசில்கிழார், கூற்றுவனைப் பார்த்துப் பேசுகிறார். வறுமையால் வீழ்ந்த குடியைச் சேர்ந்த உழவன் விதைக்க வைத்திருந்த வித்தைத் தின்றதுபோலச் செய்துவிட்டாயே என்கிறார். எழினியை விட்டிருந்தால் அவன் போர்க்களத்தில் கொல்லும் பகைவர் பலரின் உயிர்களை நீ உண்டிருக்கலாமே என்பது கருத்து. பேரிழப்பைச் சொல்ல வந்த புலவருக்கு, வித்தைத் தின்பதைவிடப் பெரிய அறியாமை வேறொன்று தோன்றவில்லை.

இவ்வுவமையின் ஆழத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் நெல் நடவுக்கு, வழக்கமான முறையில், ஏறத்தாழ 30 கிலோ விதைநெல் தேவை எனக் கொள்வோம். அதனைக் குத்தினால் 20 கிலோ அரிசி கிடைக்கும். நாளொன்றுக்கு இரண்டு கிலோ அரிசி உண்ணும் குடும்பத்திற்கு அது பத்து நாள் உணவு. அதே 30 கிலோவை விதைத்து, மழையும் கைகொடுத்தால், 2,000 கிலோ நெல் விளையலாம். அது குத்தினால் 1,300 கிலோவுக்கும் மேற்பட்ட அரிசி. அதாவது, ஓராண்டுக்கும் மேலாக அக்குடும்பத்தின் பசியைத் தீர்க்கும் உணவு. பத்து நாள் பசிக்கும் ஓராண்டு உணவுக்கும் இடையே நிற்கும் அந்தச் சிறு மூட்டையைத் தொடாதிருக்க, பசித்த வயிற்றுக்கு எத்துணை உறுதி வேண்டும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

எனவே, வித்தை உணவிலிருந்து பிரித்துவைப்பதே முதல் பாதுகாப்பாயிற்று. வயலில் செழித்த கதிர்களைத் தனியே அறுத்து, தனியே அடித்து, தனியே காயவைத்தனர். விதைநெல்லை வைக்கோற்பிரியால் சுற்றிக் கோட்டையாகக் கட்டினர். நொச்சி, வேப்பிலைகளை ஊடே இட்டனர். துவரை முதலிய பயறுகளுக்குச் செம்மண் பூசி உலர்த்தினர். காய்கறி விதைகளைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் இட்டு, அடுப்புப் புகை படும் பரணில் தொங்கவிட்டனர். பூசணி, சுரை விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பினர். ஓர் ஊரில் ஒருவர் வித்தை இழந்தாலும் மற்றொருவரிடம் பெற்று, விளைந்தபின் கூடுதலாகத் திருப்பித் தரும் வழக்கமும் இருந்தது.

கோவில் கோபுரக் கலசங்களில் வரகு முதலிய தானியங்களை இட்டுவைத்து, குடமுழுக்கின்போது மாற்றுவது மரபு. ஊர் அழிந்தால் அத்தானியமே வித்தாகும் என்பதற்காக இம்மரபு தோன்றியது எனக் கருதுவோரும் உளர். ஒரு கலசத்துத் தானியம் ஊர் நிலம் முழுவதற்கும் வித்தாவது அரிது. ஆயினும், ஊரின் மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றத்தக்கது வித்து என்னும் எண்ணத்தை அது தலைமுறைதோறும் நினைவூட்டி வந்தது.

வித்துகளின் வகைகளும் ஒரு காப்பே. நீர் தேங்கும் பள்ளத்திற்கு மடுமுழுங்கி, உவர்நிலத்திற்குக் குழியடிச்சான், விரைந்து விளைய அறுபதாங்குறுவை, நெடுநாள் நின்று வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்கக் காட்டுயாணம் என நிலத்திற்கும் நீருக்கும் ஏற்ற நெல்வகைகள் இருந்தன. மானாவாரி நிலங்களில் கம்பு, சோளத்துடன் துவரை, தட்டைப்பயறு, அவரை ஆகியவற்றை ஊடுபயிராக விதைத்தனர். மழை நின்றுவிட்டால் ஒன்று கருகும், மற்றொன்று தாங்கும். முழு விளைச்சல் எல்லா ஆண்டும் கிட்டாது. ஆனால் முற்றும் வெறுங்கையாகத் திரும்பும் ஆண்டு அரிதாயிற்று. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழி காலத்தைக் குறிக்கிறது. கலப்புப் பயிரோ காலம் தவறினாலும் காக்கும் வழியைக் காட்டுகிறது. திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த நெல் செயராமன், 170க்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளைத் தேடித் திரட்டி உழவர்களிடையே பரப்பியது, இவ்வறிவு அழியாதிருக்க நம் காலத்தில் நடந்த அரும்பணியாகும்.

தாதுப் பஞ்சம் கற்பித்த பாடம்

இத்துணை ஏற்பாடுகள் இருந்தும் பஞ்சங்கள் மக்களை ஏன் கொன்றன என்னும் வினா எழுவது இயல்பு. 1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது ஆண்டு. 1878 வரை நீடித்த அப்பஞ்சம் தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நிலைத்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத்து, பம்பாய் மாகாணம் ஆகிய பகுதிகளில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

அப்போது இருப்புப்பாதைகள் இருந்தன, துறைமுகங்கள் இருந்தன, சந்தையில் தானியமும் இருந்தது. பஞ்சம் நிகழ்ந்த காலத்திலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. விலை ஏறியது, வாங்க மக்களிடம் பொருள் இல்லை. சந்தையில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையில் ஆங்கில அரசு உறுதியாக நின்றது. நிவாரணப் பணியில் கடுமையாக உழைக்கும் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் அளவு தானியமும் ஓர் அணாவும் போதும் என 1877இல் ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். அது உயிர் தாங்கப் போதாது எனச் சென்னை மாகாணத்தின் நலவாழ்வு ஆணையர் மருத்துவர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். பின்னர் மாகாணத்தில் கூலி உயர்த்தப்பட்டது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்சத்தில் நிவாரணப் பணியாக வெட்டப்பட்டதே. பல்லாயிரவர் ஊரை விட்டு இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர்.

மாண்டவர் யாவர் என்பது இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. முதலில் வீழ்ந்தவர்கள் நிலமற்ற உழவுத் தொழிலாளரும் நெசவாளரும் கைவினைஞருமே. அவர்கள் வீடுகளில் குதிர் இல்லை. களத்தில் அளந்து தரப்படும் நெற்கூலியே அவர்தம் களஞ்சியம். விளைச்சல் இல்லையேல் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. துணி வாங்க ஆள் இல்லாதபோது தறியும் நின்றது. ஊருணியில் நீர் எடுக்கவும் சிலருக்கு உரிமை மறுக்கப்பட்ட காலம் அது. ஊர் தன்னிறைவு பெற்றிருந்தது என்று பெருமையுடன் சொல்லும்போது, அந்த ஊரில் எத்தனை வீடுகள் தன்னிறைவு பெற்றிருந்தன என்று கேட்கத் தவறக்கூடாது.

1880இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையம், பஞ்சம் தாக்கும்போது உழைப்போர் வேலையையும் கூலியையும் இழப்பதே பெருங்கேடு என்பதைச் சுட்டியது. அதன் விளைவாகப் பஞ்ச நிவாரண விதிகள் வகுக்கப்பட்டன. உணவு இருப்பது வேறு, அதனைப் பெறும் உரிமையும் ஆற்றலும் மக்களுக்கு இருப்பது வேறு என்பதை 1981இல் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் வங்கப் பஞ்சம் முதலியவற்றை ஆராய்ந்து விரிவாக நிறுவினார். சிலர் வீட்டுக் குதிர் மட்டும் நிறைந்திருந்தால் ஊர் காக்கப்படாது என்பதே தாதுப் பஞ்சம் விட்டுச்சென்ற பாடம்.

தன்னிறைவு என்பது தனித்திருத்தல் அன்று

தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, அயல்நாடுகளில் கணக்கியலும் பொருளியலும் பயின்றவர். காந்தியடிகளின் வழிநின்று, 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். இயற்கை வளங்களை அவர் இரண்டாகப் பகுத்தார். நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கத் தீர்பவை. ஓடும் நீரும் காடும் போன்றவை அளவறிந்து பயன்படுத்தினால் மீண்டும் மீண்டும் கிடைப்பவை. தீர்ந்துபோவதன்மேல் கட்டப்படும் வாழ்வு போட்டியையும் போரையும் வளர்க்கும். புதுப்பித்துக்கொள்வதன்மேல் கட்டப்படும் வாழ்வே நிலைபெறும் என்பது அவர் துணிபு. உணவு, உடை, உறையுள் ஆகிய இன்றியமையாத் தேவைகளுக்கு ஊர் பிறரை எதிர்நோக்கி நிற்கலாகாது என வலியுறுத்தினார். மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார்.

இக்கருத்தை உலகத் தொடர்பை அறுத்துக்கொள்வது எனப் பொருள் கொள்ளக்கூடாது. எந்த ஊரும் எக்காலத்தும் தன் தேவை அனைத்தையும் தானே விளைவித்ததில்லை. உள்நாட்டு ஊருக்கு உப்பு கடற்கரையிலிருந்து வந்தது. சங்க காலத்து உமணர்கள் வண்டிகளில் உப்பைக் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றினர். கலப்பைக்கு இரும்பும் வெளியிலிருந்தே வந்தது. பண்டமாற்று ஒருநாள் நின்றாலும் உயிர் வாழ முடியும் என்னும் நிலையில் நின்று பிறரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்வதே தன்னிறைவு. கைந்நிறையப் பொருள் வைத்திருப்பவன் பேரம் பேசுவதற்கும், பசியோடு நிற்பவன் பேரம் பேசுவதற்கும் உள்ள வேறுபாடே இங்கு நிலவுவது.

இன்றைய ஊரும் நாளைய தேவையும்

இன்று பஞ்சம் வந்தால் மக்கள் பட்டினியால் மடிவதில்லை. நாடு தழுவிய தானியக் கிடங்குகளும், தமிழகத்தின் அனைவருக்குமான பொது விநியோகத் திட்டமும் நியாயவிலைக் கடைகளும் அதற்குக் காரணம். முன்பு நிலமுடையோர் வீட்டில் மட்டும் இருந்த குதிர், இன்று நாட்டிற்குப் பொதுவாகியுள்ளது எனலாம். நிலமற்றோர்க்கும் அதில் பங்கு உண்டு என்பதே பழைய ஏற்பாட்டைவிட இது உயர்ந்திருப்பதற்குக் காரணம்.

எனினும், வேறு சில காப்புகள் தளர்ந்துள்ளன. பல ஏரிகள் மேடிட்டும் ஆக்கிரமிக்கப்பட்டும் சுருங்கியுள்ளன. வரத்துக்கால்கள் மறைந்தமையால், மழை பெய்தும் நிரம்பாத ஏரிகள் உள்ளன. நிலத்தடி நீரை ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்காண்டு ஆழத்திலிருந்து உறிஞ்சுகின்றன. விதையைப் பருவந்தோறும் கடையில் வாங்கும் வழக்கம் பெருகியதால் வித்தைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும் காக்கும் கையும் பழக்கம் இழந்து வருகின்றன.

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் எண்ணற்ற தென்னைகளை வேரோடு சாய்த்தது. தென்னை ஒன்றையே நம்பியிருந்த குடும்பங்கள் ஓர் இரவில் பல ஆண்டு வருவாயை இழந்தன. மின்கம்பங்கள் வீழ்ந்தமையால் மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீரேற்ற இயலாமல் ஊர்கள் குடிநீருக்குத் தவித்தன. நீர் நிலத்தடியில் இருந்தது. அதனை மேலேற்றும் வழிதான் இல்லை. ஒரே பயிர், ஒரே மின்கம்பி, ஒரே குழாய் என்று வாழ்வு ஒன்றையே பற்றி நிற்குமாயின், அவ்வொன்று அறும்போது அனைத்தும் அறும் என்பதற்கு இது சான்று.

இக்குறைகளை நீக்கும் முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. தமிழகத்தில் 2003இல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குடிமராமத்து 2017இல் அரசுத் திட்டமாகப் புத்துயிர் பெற்றது. உழவர் குழுக்கள் பல ஊர்களில் விதை வங்கிகளை நடத்துகின்றன. ஒரு பங்கு விதை பெற்றவர் விளைந்தபின் இரு பங்காகத் திருப்பித் தருவது போன்ற முறைகளை வகுத்துக்கொள்கின்றன. சிறுதானியங்கள் மீண்டும் வயலுக்கும் அடுக்களைக்கும் திரும்பி வருகின்றன. கைப்பம்பு ஒன்றைப் பழுது நீக்கிவைப்பதும், பயன்படாக் கிணற்றைத் தூர்வாருவதும், முதியோரும் நோயாளிகளும் வாழும் வீடுகளை முன்கூட்டியே குறித்துவைப்பதும், ஊராட்சி பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்க ஆயத்தங்கள்.

பழையன அனைத்தையும் மீட்பது இயலாது. மீட்கத் தகாதனவும் அவற்றுள் உண்டு. ஏரியின் ஒழுங்கையும் குதிரின் அறிவையும் வித்தின்மேல் வைத்த மதிப்பையும் நாம் பெற்றுக்கொள்ளலாம். அவை ஒரு சிலருக்கே உரியனவாக இருந்த நிலையை விட்டுவிடலாம். விளைச்சல் மிகுந்த ஆண்டில்தான் குதிரை மெழுக வேண்டும். ஏரி வற்றிய கோடையில்தான் அதனைத் தூர்வார வேண்டும். துன்பம் வந்தபின் செய்யும் உதவி அருளுடைமை. வருவதற்கு முன் அனைவரும் கூடிச் செய்யும் ஏற்பாடே ஊருடைமை.

சொற்பொருள்

வரத்துக்கால் – ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்
கலிங்கு – ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் அமைப்பு
மறுகால் – கலிங்கிலிருந்து நீர் வெளியேறும் கால்வாய்
கடைமடை – பாசனக் கால்வாயின் இறுதிப் பகுதி
பத்தாயம் – மரத்தாலான தானியக் கலன்
எருவாட்டி – உலர்ந்த சாண வறட்டி
உமணர் – உப்பு வணிகர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள ஏரி, குளம், ஊருணி ஆகியவற்றுள் ஒன்றிற்கு நீர் வரும் வழியையும் நீர் வெளியேறும் வழியையும் நேரில் கண்டு வரைபடம் வரைக. தடைபட்ட இடங்களைக் குறித்து, ஊராட்சி மன்றத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதுக.
2. உங்கள் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் உள்ள மூத்தோரிடம் உரையாடி, தானியங்களையும் விதைகளையும் காக்க அவர்கள் கையாண்ட முறைகளைத் தொகுத்து வகுப்பறையில் படித்துக்காட்டுக.
3. 'புயல் வருமுன் நம் ஊர் செய்யவேண்டியவை' என்னும் தலைப்பில் குழுவாகக் கலந்துரையாடிப் பட்டியல் ஒன்றை உருவாக்குக.

மதிப்பீடு

குறுவினா
1. குதிரின் அடியில் துளை அமைக்கப்பட்டதன் பயன் யாது?
2. ஊருணிக்கும் கண்மாய்க்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பிடுக.

சிறுவினா
1. 'வித்தைத் தின்ற உழவன்' என்னும் உவமையை இடம்சுட்டி விளக்குக.
2. ஊடுபயிர் முறை உழவரை எவ்வாறு காத்தது?

நெடுவினா
1. சந்தையில் தானியம் இருந்தும் தாதுப் பஞ்சத்தில் மக்கள் மாண்டதற்கான காரணங்களை ஆராய்ந்து, இன்றைய பொது விநியோகத் திட்டத்தின் இன்றியமையாமையை நிறுவுக.
2. 'தன்னிறைவு என்பது தனித்திருத்தல் அன்று' என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டும் உங்கள் ஊரின் நிலை கொண்டும் கட்டுரையாக்குக.